இரண்டு ராஜாவும் ஒரு புத்திமதியும்

மலைமேல் இருந்த கிளப்பில் போக்கர் போட்டி. ஆள் ஒன்று குறைந்ததால் எஸ்டேட் முதலாளி ஜெகவீரன் தன் டிரைவர் எசக்கியையே நாற்காலியில் உட்காரவைத்தார். எசக்கி பின்னால் நின்று பார்த்தே ஆட்டம் பழகியவன்.

"என்னை ஜெயிச்சா குவார்ட்டர்ஸ் வீடு உனக்கே. தோத்தா நாளைக்கே காலி பண்ணணும்" என்றார். நண்பர்கள் சிரித்தார்கள். பெரிய மனிதர்கள் அடுத்தவன் வீட்டை வைத்துத்தான் ஆடுவார்கள்.

கடைசியில் இவர்கள் இருவரும் மிஞ்சினார்கள். பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகளும் சரிசமம். எசக்கியின் கையில் இரண்டு ராஜா, இரண்டும் கறுப்பு. இருவருக்கும் பொதுவாக மேஜையில் விரித்த மூன்று சீட்டும் ஆர்ட்டின். எதிராளியிடம் இன்னும் இரண்டு ஆர்ட்டின் இருந்தால், ஐந்தும் ஒரே இனமாகி ராஜாக்கள் செல்லாக்காசு. ஜெகவீரன் தன் வில்லைகள் முழுவதையும் நடுவே தள்ளினார்.

எசக்கி கைகட்டிக்கொண்டான். "ஐயா, உங்க உப்பைத் தின்னவன் நான். நீங்களே சொல்லுங்க, ஆடவா, சீட்டைக் கவுத்திடவா?"

முதலாளியின் குரலில் தேன் வடிந்தது. "கவுத்திடுடா. எங்கிட்ட அஞ்சும் ஆர்ட்டின். பிள்ளைகுட்டிக்காரன், வீணா அழியாதே."

எசக்கி தன் வில்லைகளையும் தள்ளினான்.

ஜெகவீரன் விரித்தது கிளாவரில் ஒரு ஏழும் ஒரு ரெண்டும். மீதி இரண்டு பொதுச் சீட்டு விழுந்தும் அவருக்கு ஒன்றும் சேரவில்லை. அத்தனை பேர் முன்னால் கொடுத்த வாக்கு, வீடு எசக்கிக்கே நின்றது.

"நல்லதுக்குத்தானே சொன்னேன், ஏன்டா கேக்கலை?"

"இத்தனை வருஷத்துல எனக்கு நல்லதுன்னு நீங்க ஒண்ணும் சொன்னதில்லீங்க ஐயா. இன்னைக்குச் சொன்னதும் சந்தேகம் வந்துடுச்சு."