காற்றாலையின் நிழல்

மடத்துக்கு வந்த உமையொருபாகம் உட்காரவில்லை. ஆடிக் காற்று ஓடுகளைக் கலைத்துக்கொண்டிருந்தது. அவர் வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தார்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். குருவான சிவகாமியம்மா வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் மனம் நிலைகொள்ளாதபோது அவர் தேடி வருவது இங்கேதான். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவும் இல்லை.

கடற்கரையில் அணு உலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து உமையொருபாகம் வீடு தங்கவில்லை. உலை வேண்டாம், காற்றும் வெயிலும் போதும் என்று ஊர் ஊராகப் பேசினார். எதிர்த்துப் பேசிய பொறியாளர் செல்வின் அவருடைய பழைய மாணவன். முந்தின நாள் கூட்டத்தில், கழிவை எங்கே கொண்டுபோய் வைப்பாய் என்று அவர் கேட்டதும் செல்வின் மைக்கைக் கீழே வைத்துவிட்டான். கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

"ஜெயிச்சுட்டீங்க. அப்புறம் என்ன?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் நடந்துகொண்டேதான் சொன்னார். ஆடு மேய்க்கும் பேச்சியம்மாள் என்பவள் எழுந்தாளாம். அவள் வீட்டை ஒட்டிக் காற்றாலை ஒன்று நட்டிருக்கிறார்கள். வெயில் சாய்ந்ததும் றெக்கையின் நிழல் வீட்டுக்குள் விழுந்து சுழல்கிறது. சுவரில், அடுப்பில், சோற்றுத் தட்டில். மகள் தலை சுற்றி வாந்தி எடுக்கிறாள். இருட்டும்வரை இருவரும் வீட்டைப் பூட்டிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் மட்டும் காற்றாடியை நிறுத்தி வைக்க வழி உண்டா என்று கேட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அணு உலைக்குப் பக்கத்துல குடியிருக்கப் போறவங்களை நினைச்சா, இதெல்லாம் ஒரு கஷ்டமான்னேன்."

"அவ?"

"உட்கார்ந்துட்டா. அதுக்கும் கை தட்டினாங்க. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை அம்மா."

அம்மா காம்புகளை ஒதுக்கி வைத்தார். "செல்வின் மேல உங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?"

"மீன்பிடிக்கிற ஜனங்க பயந்துபோய்க் கேட்டாங்க. அவங்ககிட்ட அவன் பேசின பேச்சு அப்படி. ஊருக்கே விளக்கு எரியப் போகுது, அதை நினைச்சா உங்க பயமெல்லாம் ஒரு..."

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். கிணற்று மேடையில் மெல்ல உட்கார்ந்தார்.

காற்று கீரையை வாரி இறைத்தது. அம்மா கை வைத்து அமுக்கிக்கொண்டார்.

உட்கார்ந்தவரால் அங்கேயும் இருக்க முடியவில்லை. எழுந்தார். "கழிவைப் பத்தி நான் கேட்டது பொய்யில்லையே அம்மா. இப்பவும் அதைக் கேட்கத்தான் வேணும். நாளைக்கு மறுபடியும் கூட்டம். அங்க போய் எந்த முகத்தோட காற்றாலைக்காகப் பேசுறது? நான் பக்கம் மாறணுமா?"

"பக்கம் எதுக்கு மாறணும்?" என்றார் அம்மா. "வெயில் சாயுது பாருங்க. பேச்சியம்மா ரோட்டுக்கு வந்திருப்பா. அவ பக்கத்துல போய் உட்காருங்க."