வெறுங்கழுத்துக் கோழியும் புசுபுசு பஞ்சுவும்

ஒரு மலைக்கு மேல ஒரு ஊரு, அதே மலைக்குக் கீழ ஒரு ஊரு. மேல நாய் குரைச்சா கீழ கேக்கும். ஆனா மேல எந்நேரமும் போர்வை, கீழ எந்நேரமும் விசிறி. உம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன். ம்...

மேல இருந்து கீழ ஊருக்கு வாக்கப்பட்டு வந்தா பூவாயி. அம்மா கொடுத்த சீரு ஒரே ஒரு பொட்டைக்கோழி. உடம்பெல்லாம் புசுபுசுன்னு இறகு, பேரு பஞ்சு. அம்மா ஞாபகம் வந்தா பூவாயி அது முதுகுல மூஞ்சியை வச்சுக்குவா.

அப்போ மாமியார் மாரக்காவோட கோழிங்களைப் பாத்தா. ஒண்ணு கழுத்துலயும் இறகு இல்ல! ஐயோ பாவம், யாரோ பிச்சுட்டாங்கன்னு பழைய சேலையைக் கிழிச்சு, எல்லாத்துக்கும் கழுத்துல சுத்திவிட்டா. சித்திரை வெயிலு. கொஞ்ச நேரத்துல அதுக வாயைப் பொளந்துகிட்டு ஹே... ஹே...ன்னு மூச்சு வாங்குது.

"அடியே! கோழிக்கு எதுக்குடி மப்ளரு?" மாரக்கா ஓடிவந்து அவுத்துவிட்டா. "பொறப்பே அப்படித்தாண்டி. இந்த வெயிலுக்கு இறகு நெறைஞ்ச குஞ்சு முக்காவாசி சுருண்டுரும். வெறுங்கழுத்துதான் தப்பிச்சு முட்டை வைக்கும். அதோட குஞ்சும் அப்படியே பொறக்கும்."

"எங்க ஊருல இதுக ஒரு மார்கழி தாங்காது அத்தை."

"உன் கோழி இங்க ஒரு சித்திரை தாங்காது. கெடந்து சாகறதுக்கு முன்ன கொழம்பு வச்சிரலாம்."

பூவாயி பஞ்சைத் தூக்கி இடுப்புல இடுக்கிக்கிட்டா. "மழை வரட்டும் அத்தை..."

"அதுவரைக்கும் உசுரோட இருந்தாப் பாப்போம்."

வெயிலு ஏற ஏற பஞ்சு தலையைத் தொங்கப் போட்டுச்சு. பூவாயி ஈரச்சாக்கு தொங்கவிட்டா, காஞ்சுபோச்சு. அப்புறம் மோரு ஊட்டினா, கொஞ்சம் நிமுந்துட்டு மறுபடி தலை தொங்கிருச்சு. அப்புறம் அழுதுகிட்டே கத்திரியை எடுத்து, கிர்ச் கிர்ச்னு பஞ்சோட கழுத்து இறகை ஒட்ட வெட்டினா. கொக்குன்னு எந்திரிச்சு நின்னுச்சு பஞ்சு!

தூங்கிட்டியா? ம்...

மழை வந்துச்சு. வெட்டின எடத்துல புது இறகு மொளைச்சுச்சு. அப்புறம் உள்ளூர்ச் சேவலோட சேந்து, அடைகாத்து, கீச் கீச்னு குஞ்சு பொரிச்சுச்சு. சிலது புசுபுசு, சிலது வெறுங்கழுத்து.

அப்புறம் மார்கழி. அந்த வருசம் கீழ ஊருலயும் நல்ல பனி. மத்த கோழிக வெடவெடன்னு நடுங்குது. விடிஞ்சதும் மாரக்கா பதறிப்போயி பஞ்சோட கூடையைத் தூக்கிப் பாத்தா. வெறுங்கழுத்துக் குஞ்செல்லாம் பஞ்சோட இறகுக்குள்ள கழுத்தை நுழைச்சுகிட்டுத் தூங்குது.

மாரக்கா சத்தமில்லாம கூடையை மூடினா.

"ஏண்டி பூவாயி, உங்கம்மா இந்த ஒண்ணைத்தானா குடுத்தாங்க?"

அவ்வளவுதான். குஞ்சும் தூங்கிருச்சு, கோழியும் தூங்கிருச்சு. கதையும் இறகுக்குள்ள போயிருச்சு. நீயும் கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டுத் தூங்கு.