ஏ.சி. பெட்டிக்கு வைத்த டெஸ்டர்

அந்தப் பனியன் கம்பெனியில் இஸ்திரி போடும் கூடம் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஏ.சி.யைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. வருஷக்கணக்கில் அதன் குமிழைத் திருகியும் காற்று குளிர்ந்ததில்லை. மாசமாக இருந்த கோகிலவாணி நேற்று அங்கே வேலை செய்கையில் மயங்கி விழுந்தாள். இன்று வேறு வழியில்லாமல் மறுபடி வந்து நின்றாள்.

சோதனை அதிகாரி வருகிற நாள் அது. மானேஜர் நாச்சிமுத்து, மெக்கானிக் ஜெயசீலியைக் கூப்பிட்டு மிரட்டினார். "பெட்டி நல்லா இருக்குன்னு அவர் முன்னாடி காட்டணும். இல்லேன்னா இனிமே இந்தப் பக்கமே வராதே!"

அதிகாரி வந்ததும் ஜெயசீலி பெட்டியின் மூடியைக் கழற்றினாள். இணைப்பு சேர்ந்தால் கத்தும் டெஸ்டரின் இரண்டு முனைகளையும் உள்ளே வைத்துக் குமிழைத் திருகினாள். டெஸ்டர் 'கீ' என்று கத்தியது.

"கேட்டீங்களா சார்? பெட்டி நல்லாத்தான் இருக்கு. இதுங்களுக்குத்தான் வேலை செய்ய உடம்பு வளையலை" என்றார் மானேஜர்.

"ஆமா சார், பெட்டியில ஒரு குறையும் இல்லை" என்றாள் ஜெயசீலி. "எப்பவும் கரண்டை நிறுத்தி, வயரைக் கழட்டிட்டுத்தான் இப்படி டெஸ்டர் வைப்பேன். இங்க அந்த வேலையே மிச்சம். கழட்டுறதுக்கு, ஏ.சி.க்குப் போற வயரே இல்லை."

மானேஜர் முகம் வெளிறிப்போனது. அதிகாரி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டி வேலை செய்யுதான்னு பார்க்கத்தான் வந்தேன். செய்யுது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

"நீ வெளியே போ" என்றார் மானேஜர்.

ஜெயசீலி பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கோகிலவாணியின் கையில் கொடுத்தாள்.

"வீட்டுல மாட்டிக்கக்கா. அங்கயும் இதே அளவுதான் குளிரும்."