முள்ளி சொட்டவிட்ட தண்ணீர்

மலையடிவாரக் காடு ஒன்றில், குழந்தைகளே, ஒரு கோடையில் தீப் பிடித்தது. வடக்குச் சரிவு முழுவதும் எரிந்து கரியாகிப் போனது. நிழல் போயிற்று, கனி போயிற்று, கூடு கட்ட ஒரு கிளைகூட மிஞ்சவில்லை.

விலங்குகள் சோர்ந்து உட்காரவில்லை. விதை பொறுக்கி வந்தன. மூங்கிலை நறுக்கிக் குவளைகளாக்கி, மண் நிரப்பி, தேக்கும் நாவலும் வேங்கையும் விதைத்தன. குவளைகளைக் கொடிப் பந்தலின் நிழலில் வரிசையாக வைத்தன. மழைக்காலம் வந்ததும் நாற்றுகளைச் சரிவில் நட வேண்டும். அதுவரை அவை பிழைத்திருக்க வேண்டும்.

மூங்கிலைக் கடித்து நறுக்கியது முள்ளி என்ற முள்ளம்பன்றி. ஒன்றைத் தொடங்கிவிட்டால் முடிக்காமல் விடாத பிறவி அது. ஒவ்வொரு குவளையின் அடியிலும் நீர் வடிய ஒரு துளை போட்டு வைத்திருந்தது.

தண்ணீர் ஊற்றும் பொறுப்பு வேழன் என்ற யானையுடையது. வேழனுக்குத் தன் தும்பிக்கையைப் பற்றிப் பெருமை அதிகம். சுனையில் நீரை உறிஞ்சி வந்து பந்தல் முழுவதும் மழைபோலப் பீய்ச்சி அடிக்கும்.

"பார்த்தீர்களா? ஒரே வீச்சில் அத்தனை செடிக்கும் குளியல்!" என்று காதை ஆட்டும்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாற்றுகள் வாடிக்கொண்டே வந்தன. சுனையும் வற்றிக்கொண்டே வந்தது.

காட்டின் தலைவரான காட்டெருமை எல்லாரையும் கூட்டியது. "இருக்கிற தண்ணீர் நாம் குடிக்கவே போதாது. இனி நாற்றுகளுக்குத் தண்ணீர் கிடையாது" என்றது.

முள்ளி முன்னால் வந்தது. "தலைவரே, கொஞ்சம் பொறுங்கள். இவ்வளவு ஊற்றியும் செடி வாடுகிறதென்றால், தண்ணீர் வேறெங்கோ போகிறது. எங்கே என்று நான் பார்க்கிறேன்."

"எங்கே போகும்? எல்லாம் செடிகளின் பேராசை!" என்று கிளையில் தொங்கியபடி சிரித்தது குரங்கு.

காட்டெருமை யோசித்தது. "சுனையின் நடுப்பாறை அடிவரை தெரிந்துவிட்டால் அதற்குமேல் ஒரு சொட்டும் தரமாட்டேன். அதற்குள் உன்னால் முடிந்ததைச் செய்."

முள்ளி பந்தலுக்குள் நுழைந்து குவளைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. வேழன் வழக்கம்போல் பீய்ச்சியது. தேக்கு இலைகள் குடை பிடித்தாற்போல் நீரைக் குவளைக்கு வெளியே வழியவிட்டன. குவளைகளுக்கு இடையே கொட்டிய நீரில் களைகள் கொழுகொழுவென்று வளர்ந்து நின்றன. குவளைக்குள் விழுந்த கொஞ்சமும், விழுந்த வேகத்தில் ஓரமாக இறங்கி அடித்துளை வழியே ஓடிப்போனது. வேர் இருந்த நடுமண் அப்படியே காய்ந்து கிடந்தது.

"அண்ணா, நீங்கள் களைக்கல்லவா தண்ணீர் ஊற்றுகிறீர்கள்!" என்றது முள்ளி, நனைந்த உடம்போடு எழுந்து.

வேழனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தக் காட்டில் என்னைவிட அதிகத் தண்ணீர் சுமந்தவர் யார்?"

"யாருமில்லை, அண்ணா. அது வேருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்கிறேன். கிழக்கு வரிசையை மட்டும் என்னிடம் விடுங்கள்."

"எடுத்துக்கொள். பிறகு அழாதே!"

முள்ளி வேலையைத் தொடங்கியது. தள்ளித் தள்ளி இருந்த குவளைகளை நெருக்கி வைத்தது. நீண்ட மூங்கிலை இரண்டாகப் பிளந்து வாய்க்காலாக்கி, கவைக் குச்சிகளின்மேல் ஏற்றி, குவளைகளுக்கு மேலே நிறுத்தியது. ஒவ்வொரு குவளைக்கும் நேராக வாய்க்காலின் அடியில் துளை போட்டது. அந்தத் துளைகளில் செருக மெல்லிய குழாய் வேண்டுமே?

முள்ளி தன் வாலைத் திருப்பிப் பார்த்தது. உள்ளே கூடான முட்கள் அங்கே இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றைப் பிடுங்கியது. கண்ணில் நீர் வந்தது. அடுத்ததையும் பிடுங்கியது. துளைக்கு ஒன்றாகச் செருகியது.

வேழன் வேண்டாவெறுப்பாக ஒரு தும்பிக்கை நீரை வாய்க்காலில் விட்டது. நீர் சரிவில் ஓடி, கடைசிக் குவளையில் மட்டும் குபுகுபுவென்று கொட்டியது. மற்ற முட்களில் சேறு அடைத்துக்கொண்டது.

"முள்ளும் போச்சு, தண்ணீரும் போச்சு!" என்று குரங்கு கைதட்டியது.

முள்ளி வாய்க்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தித் தாழ்த்திச் சமமாக்கியது. அடைத்த முட்களை ஒவ்வொன்றாக ஊதித் துடைத்தது. வாய்க்காலில் நீர் விழும் இடத்தில் பாசியை அடைத்து, சேறு அதிலேயே தங்கும்படி செய்தது. மறுபடி நீர் விடச் சொன்னது.

சொட்டு. சொட்டு. ஒவ்வொரு முள்ளின் நுனியிலிருந்தும், ஒவ்வொரு செடியின் வேரிலும், மெதுவாக.

சில நாளில் சுனையின் நடுப்பாறை அடிவரை தெரிந்தது. காட்டெருமை பந்தலுக்கு வந்தது. மற்ற விலங்குகளும் பின்னாலேயே வந்தன.

"நேரமாகிவிட்டது, முள்ளி."

"ஒன்றே ஒன்று, தலைவரே. வேழன் அண்ணா இப்போதுதான் தன் வரிசைக்குத் தண்ணீர் அடித்தார். அதில் ஒரு குவளையை அவரே தூக்கிப் பார்க்கட்டும்."

வேழன் தும்பிக்கையை வளைத்து ஒரு குவளையைத் தூக்கியது. அது சருகுபோல் எழும்பி வந்தது! காலடியிலோ சேறு கணுக்கால்வரை இருந்தது.

"இப்போது என்னுடையதைத் தூக்குங்கள். இதற்கு நேற்றுக் காலையில் விட்டதுதான்."

வேழன் தூக்கியது. குவளை கனத்தது. வேழன் அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, தன் குவளையை மறுபடி தூக்கிப் பார்த்தது.

"உன் வரிசை முழுவதற்கும் ஒரு தும்பிக்கை நீர்தான் கொடுத்தேன்" என்றது. "இவ்வளவு நாளும் நான் சுமந்ததெல்லாம் வீணா?"

"இனிச் சுமப்பது வீணாகாது, அண்ணா."

காட்டெருமை தலையசைத்தது. "கொடுங்கள். இந்த அளவு தண்ணீரைச் சுனை தாங்கும். ஆனால் முள்ளி, பந்தல் முழுவதற்கும் குழாய்க்கு எங்கே போவாய்?"

முள்ளி முதுகைச் சிலிர்த்தது. "இன்னும் இருக்கின்றனவே."

"அவையும் போனால், செந்நாய் வந்தால் என்ன செய்வாய்?"

"முள் மறுபடி முளைக்கும், தலைவரே. இந்த நாற்று காய்ந்தால் முளைக்காது."

வேழன் முன்னால் வந்து முள்ளியின் பக்கத்தில் நின்றது. "இவளுக்கு முள் முளைக்கும்வரை நான் இந்தப் பந்தலைவிட்டு நகரமாட்டேன். வருகிற செந்நாய் வரட்டும்."

குரங்கு மரத்திலிருந்து இறங்கியது. "மூங்கில் பிளக்க இன்னொரு கை வேண்டுமா?" என்று மெல்லக் கேட்டது.

"இரண்டு கையும் வேண்டும்" என்றது முள்ளி.

மழை தாமதமாகத்தான் வந்தது. முதல் இடி இடித்தபோது சுனையில் மான்கள் குடிக்க நீர் இருந்தது. பந்தலில் நாற்றுகள் நிமிர்ந்து நின்றன. விலங்குகள் எல்லாம் கொட்டும் மழையில் வடக்குச் சரிவில் ஏறின. வேழன் காலால் குழி தோண்ட, முள்ளி கரிமண்ணில் முதல் தேக்கை நட்டது.

நீதி: எவ்வளவு கொடுத்தோம் என்பதில் அல்ல, வேண்டியவரிடம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதில்தான் உதவி இருக்கிறது.