மைனா இலையைக் கவ்விய நாள்

மருதமரங்கள் செறிந்த ஒரு காட்டில், நாவலங்காரர் என்னும் திருப்பெயரும் பதினொன்று நிறைந்த அகவையும் உடைய மைனா, எலிக்குஞ்சுகளுக்கு ஆசிரியராக வீற்றிருந்தார்.

சென்ற மழையில் வளைகளுக்குள் வெள்ளம் புகுந்து எலிகள் பல மாண்டன. ஆதலால் எலித்தலைவி, "ஐயா, கடற்கரை நண்டுகளின் வளைக்குள் அலை புகுவதில்லையாம். பிள்ளைகள் அவ்வித்தையைக் கற்கட்டும். மூன்று நாளில் திரும்பிவிடுங்கள், மழை நெருங்குகிறது" என்று வேண்டினாள்.

நாவலங்காரருக்கு நண்டுமொழியும் தெரியும். அதுவே வினையாயிற்று.

கடற்கரையில் வளையழகி என்னும் நண்டு அவர்களை வரவேற்று, "பிள்ளைகளே, உங்கள் ஊரில் என்ன மண்?" என்றாள்.

"களிமண்!" என்றார் மைனா.

"பசிக்கிறதா, கண்ணுகளா?"

"இல்லை!" என்றார் மைனாவே. எலிகளின் வயிறுகள் கடமுடவென்றன.

இரண்டு நாளும் அவர் அலையைப் பற்றியும் மணலைப் பற்றியும் ஓயாமல் விளக்கினார். எலிகளோ கடலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, அவருடைய அலகையே பார்த்திருந்தன.

இரண்டாம் நாள் மாலையில் அவர் ஒரு குட்டி எலியை அழைத்து, "குறுவாலா, நண்டு வளையை எப்படிக் காக்கிறது?" என்றார்.

"நீங்கள் அழகாகச் சொன்னீர்கள், ஐயா!"

"என்ன சொன்னேன்?"

"அதுதான் தெரியவில்லை, ஐயா. ஆனால் மிக அழகாக இருந்தது."

வளையழகி கொடுக்கை ஆட்டிச் சிரித்தாள். "அண்ணாச்சி, வளை காக்கத் தெரிந்தவள் நான், மழையில் நனையப்போகிறவர்கள் இவர்கள். நடுவில் உமக்கென்ன கச்சேரி?"

நாவலங்காரருக்குச் சுருக்கென்றது. ஆயினும், வெறுங்கையோடு திரும்பினால் இக்குஞ்சுகளின் கதி என்னாகும் என்று எண்ணியதும் கோபம் அடங்கிற்று.

மறுநாள் காலை, "அலை வருமுன் நண்டு என்ன செய்கிறாள்? பார்த்து, நீங்களும் செய்யுங்கள்" என்று மட்டும் கூறிப் புன்னைக் கிளையில் அமர்ந்தார்.

குறுவாலன் வளை தோண்டி, உலர்ந்த மணலால் வாயிலை அடைத்தான். அலை வந்தது; அடைப்புக் கரைந்தது; அவன் தொப்பலாக நனைந்து வெளியே வந்தான். மைனாவின் நாக்குத் துறுதுறுத்தது. சட்டென்று ஒரு புன்னை இலையைக் கவ்விக்கொண்டார்.

குறுவாலன் தானே நண்டிடம் ஓடி, வாலாலும் காலாலும் சைகை செய்து கேட்டான். அவள் ஈரமணலை உருட்டி, உள்ளிருந்து அழுத்தி அடைத்துக் காட்டினாள். அவனும் அவ்வாறே செய்தான். அடுத்த அலை வந்து போயிற்று, அடைப்பு அசையவில்லை.

அப்போதுதான் ஆசிரியர் இலையை விட்டார். "இங்கே ஈரமணல். நம் காட்டில்?"

"களிமண், ஐயா!" என்று கத்தின எலிகள்.

"இப்போதாவது எங்களைச் சொல்ல விட்டீர்களே!" என்றான் குறுவாலன்.

ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, பெருமழை ஓய்ந்தது. களிமண் அடைப்புகளைத் தள்ளிக்கொண்டு, எலிகள் யாவும் உலர்ந்த மீசையோடு வெளியே வந்தன.

நீதி: மாணவர் காண வேண்டியதை ஆசிரியர் சுட்டிக் காட்டலாம், அவர்களுக்காகத் தாமே கண்டுவிடலாகாது.