குறை கேட்ட பந்தி

குழந்தைவேலு மடத்துக்கு வரும்போதெல்லாம் பழக்கூடையோடு வருவார். இந்த முறை கோபத்தை மட்டும் கொண்டுவந்திருந்தார். கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி நடத்துகிறவர். மடத்தை நடத்தும் வடிவாம்பாள் அம்மாவின் சீடர்.

முந்தைய நாள் இருட்டின பிறகு வந்து, சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு ஞாயம் சொல்லணுங்கம்மா."

வேலையாட்கள் அத்தனை பேருக்கும் போன் வாங்கிக் கொடுத்தாராம். எல்லோரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு. தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், புது யோசனை எதுவானாலும் போடுங்கள், முதலாளி இருக்கிறானே என்று பார்க்காதீர்கள் என்று முதல் செய்தியை அவரே போட்டாராம். போன் கைக்கு வந்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று நம்பிய மனுஷன்.

அதில் இப்போது வருவதெல்லாம் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். அவர் என்ன எழுதினாலும் கீழே வரிசையாகக் கும்பிடு.

"ஒருத்தர்கூடவா யோசனை சொல்லலை?"

ஒரே ஒருத்தி சொன்னாளாம். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பூங்கோதை. சுற்றின கம்பியை வார்னிஷில் முக்கும் முன்னால் லேசாகச் சூடாக்கினால் ஈரம் போய்விடும், வார்னிஷ் நன்றாகப் பிடிக்கும், புகைந்துபோய்த் திரும்பி வருகிற மோட்டார் குறையும் என்று எழுதினாள். செய்து பார்த்தார்கள். குறைந்தது.

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"கேக்க வேண்டியதைக் கேட்டேன். தெரிஞ்சுட்டே இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தியா, இதுவரைக்கும் திரும்பி வந்ததுக்கெல்லாம் யார் பொறுப்புன்னு குழுவுலயே கேட்டேன். நாலு பேர் பாக்கட்டும்னுதான்."

"அப்புறம்?" என்றார் அம்மா.

மிச்சத்தையும் அவர் சொன்னார். அந்தப் பூங்கோதை இன்னொரு குழு தொடங்கியிருக்கிறாள். முதலாளி இல்லாத குழு. எந்த மெஷின் எதனால் நிற்கிறது, எதை எப்படிச் சரிக்கட்டலாம், புதிதாக யார் என்ன செய்து பார்த்தார்கள், எல்லாம் அங்கேதான் ஓடுகிறது.

"என் கம்பெனி, என் போன், என் கரண்ட்டுல சார்ஜ். எனக்குத் தெரியாம பேசறாங்க. இது துரோகம் இல்லீங்களா? ஊருக்குப் போனதும் அவளைக் கணக்கு முடிச்சு அனுப்பப் போறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சாப்பிட்டுப் பேசலாம்" என்றார் அம்மா.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தி முடிந்ததும் அம்மா நடுவில் நின்று, குறை உண்டா என்று கேட்பார். நிறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். தட்டைக் கழுவி வைப்பதுபோல அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

அன்று மதியம் அம்மா நேராகக் குழந்தைவேலு முன்னால் வந்து நின்றார்.

"நீங்க வெளியில இருந்து வர்றவர். கூசாம சொல்லுங்க. குறை உண்டா?"

அவர் மழுப்பினார். அம்மா விடவில்லை.

"ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கலுங்க."

"நேத்து ராத்திரி ரசம்?"

"அதுவும் அப்படித்தானுங்க."

"தெரிஞ்சுட்டே வாயை மூடிட்டு இருந்தீங்களா? இத்தனை பேர் உப்பைத் தின்னதுக்கு யார் பொறுப்பு?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. குழந்தைவேலுவின் காது சிவந்தது.

"வேற குறை?"

"இல்லீங்கம்மா. நிறைவு."

குழாயடியில் தட்டு தேய்ந்துவிடும் போலத் தேய்த்தார். பக்கத்தில் அய்யாசாமி, ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். அந்தப் பக்கம் தெய்வநாயகி, சமையலுக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறவர். யாரும் கேட்காமலே குழந்தைவேலு கொட்டித் தீர்த்தார். கேட்டதும் அவங்க, திட்டினதும் அவங்க, இனி இந்த மடத்தில் வாயைத் திறந்தால் என்னை ஏன்னு கேளுங்க என்றார்.

"உப்புத்தானுங்க. தண்ணி குடிச்சுக் குடிச்சு வயிறு டீசல் டேங்க் மாதிரி ஆயிருச்சு" என்றார் அய்யாசாமி.

தெய்வநாயகி சிரித்துவிட்டார். போன வாரம் கல் உப்பு தீர்ந்துபோய்த் தூள் உப்பு வாங்கினார்களாம். சமையல்காரர் பழைய கரண்டியிலேயே அள்ளிப் போடுகிறாராம்.

"கல்லுன்னா நடுவுல இடம் விட்டு நிக்கும். தூளு அடைஞ்சுக்கும்ல" என்றார் குழந்தைவேலு. கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. "சின்னக் கரண்டி ஒண்ணை உப்பு டப்பாவுக்குள்ளயே போட்டு வைங்க. யார் சமைச்சாலும் அளவு மாறாது."

இதைத்தான் நாளைக்கே செய்யணும் என்றார் தெய்வநாயகி. குழாயை மூடித் திரும்பினார்கள். பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"இதைப் பந்தியில ஏன் சொல்லலை?"

அய்யாசாமி தரையைப் பார்த்தார். தெய்வநாயகி வானத்தைப் பார்த்தார். கடைசியில் குழந்தைவேலுதான் வாயைத் திறந்தார்.

"அங்க நீங்க இருந்தீங்களே."

அம்மா தலையாட்டினார்.

"என் மடம், என் குழாய். எனக்குத் தெரியாம பேசியிருக்கீங்க. முதல்ல ஆரம்பிச்சது யாரு, சொல்லுங்க குழந்தைவேலு. அந்த ஆளைக் கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்."