காலி வானத்துக்குப் பாதி நேரம்

தங்கப்பழம் குருவைத் தேடி வந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. குரு ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஞானத்துக்கு நரைமுடி ஒரு தகுதியா என்ன? விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கியின், சூட்டைப் பார்க்கும் அகச்சிவப்புக் கருவியை எங்கே திருப்புவது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்று திட்டம் போடுவதில் அந்த அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது.

அண்ணாச்சி என்றுதான் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் தங்கப்பழத்தைக் கூப்பிடுவார்கள். ஒரு மங்கலான நட்சத்திரத்தைச் சுற்றித் தூசு வளையம் இருக்கிறதென்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். தொலைநோக்கியில் நேரம் கேட்டுப் போட்ட விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை பத்து மணி நேரம் கிடைத்தது. வளையம் தெரியாவிட்டால், மூட்டையைக் கட்டிக்கொண்டு, முன்பு வாத்தியாராக இருந்த சாத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

பத்து மணி நேரத்தையும் நட்சத்திரத்துக்கே கொடுத்துத் திட்டம் போட்டு, ஜெசிந்தாவிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"பாதியைப் பக்கத்துல இருக்கிற காலி வானத்துக்குக் கொடுங்க," என்றார் ஜெசிந்தா.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது. "ஒண்ணுமில்லாத இடத்தைப் பார்க்கவா மேடம் நாயா அலைஞ்சேன்?"

அண்ணாச்சி ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நல்லெண்ணெய் தூக்குவாளியோடு அலமாரியில் இருந்தது. ஜெசிந்தா அதை எடுத்துத் தராசில் வைத்தார்.

"உங்க அப்பா எண்ணெய்க்கடைதானே? இதுல எண்ணெய் எவ்வளவு?"

"காலி வாளியை முதல்ல நிறுக்காம எப்படிச் சொல்றது? எங்க கடையில..."

அண்ணாச்சியின் கண் தான் நீட்டிய திட்டத்துக்குப் போனது.

"தொலைநோக்கிக்கும் சூடு உண்டு, வானத்துக்கும் சூடு உண்டு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெசிந்தா தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அண்ணாச்சி திட்டத்தை மாற்றினார். சொந்த நிலத்தில் பாதியை எழுதிக் கொடுப்பதுபோல் வலித்தது. ஆனாலும் மாற்றினார்.

படங்கள் வந்து சேர்ந்தன. நட்சத்திரப் படத்தை முதலில் திறந்தார். திரை முழுக்க ஒரே வெளிச்சப் புகை. வளையத்தைக் காணோம்.

"போச்சு. சாத்தூர்தான்."

"காலி வானத்தைக் கழிச்சீங்களா?" என்றார் பின்னால் நின்ற ஜெசிந்தா.

கழித்தார். புகை விலகியது. நட்சத்திரத்தைச் சுற்றி, மெல்லிசாக, எங்கும் அறுந்துபோகாமல், வளையம் நின்றது.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. பக்கத்து அறைக்காரர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். மனைவிக்குப் போன் போட்டார். "இல்லவே இல்லைன்னாங்க. நான் சொன்னேன்ல? நான்தான் பார்த்தேன், நானேதான் பார்த்தேன்," என்று அந்தத் தளமே கேட்கும்படி பேசினார்.

போனை வைத்ததும் வெட்கம் வந்துவிட்டது.

"ரொம்ப நான் நான்னு பேசிட்டேனோ மேடம்? அதையும் கழிக்கணுமோ?"

ஜெசிந்தா இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

"அதை நாளைக்குக் கழிச்சுக்கலாம். இன்னைக்கு ஒருநாள் வாளியோட சேர்த்தே நிறுங்க, அண்ணாச்சி."